பந்து தூங்கிய பிறகு

ஆற்று வெள்ளம் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குள் ஏறி, எங்கள் ஜன்னல் கம்பியில் ஒரு செத்த கோழியை மாட்டிவிட்டுப் போனதே, அதற்கு மறு வருஷம். எனக்கு எல்லாக் கணக்கும் அந்த வெள்ளத்தை வைத்துத்தான். எந்த வருஷம் என்று நம்பர் கேட்டால் தெரியாது. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன ஆள் நான். வெள்ளத்துக்கு முன், வெள்ளத்துக்குப் பின், அவ்வளவுதான். வீட்டுச் சுவரில் என் நெற்றி உயரத்துக்குச் சேற்றுக்கோடு இருந்தது. அம்மா எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் ஒரு மாதத்தில் அந்தக் கோடு மறுபடி தெரிய ஆரம்பிக்கும். பக்கத்து வீட்டுக்காரர்கள் வெள்ளத்தன்று செலாயாங்கில் இருந்த சொந்தக்காரர் வீட்டுக்குப் போனவர்கள், திரும்பி வரவே இல்லை. அந்த வீடு பூட்டியே கிடந்தது. எங்களுக்கும் அதற்கும் நடுவில் ஒரே சுவர். இங்கே தும்மினால் அங்கே யாரோ தும்முவது போல இருக்கும்.

கோழியையும் சுவரையும் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன். சொல்ல வந்தது ஒரு பந்தைப் பற்றி.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அம்மா, நான், அம்மாவின் தம்பியான மாமா. அப்பா நான் நடை பழகும் முன்பே இறந்துவிட்டார். மாமா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குவார்ட்டர்ஸ் அவர் பெயரில்தான் இருந்தது. அவருக்கு ரயில்வே யார்டில் வேலை. சரக்குப் பெட்டிகளைக் கோர்க்கும்போது இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் ஒருவன் குனிந்து கொக்கியை மாட்டுவான். தள்ளி நிற்கும் இன்னொருவன், அவன் வெளியே வந்துவிட்டான் என்று பார்த்த பிறகு என்ஜின்காரருக்குக் கொடி காட்டுவான். மாமா கொடி காட்டுகிறவர். முழுக்கக் கண்ணை நம்பிய வேலை. அந்த வருஷம் மாமாவின் கண் மங்கிக்கொண்டே போனது. அது அவருக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். யார்டில் தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் வீடும் போகும். பத்து வயதில் எனக்கு இதில் எதுவும் தெரியாது. ஆனால் கேட்கிற நீங்கள் தெரிந்துகொண்டே கேளுங்கள்.

குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் திடல் இருந்தது. இரண்டு கம்பம், இரண்டு வளையம். ஒரு வளையத்தில் மட்டும் வலை. சாயங்காலமானால் இளைஞர்கள் கூடைப்பந்து ஆடுவார்கள். மாமாதான் ரெஃப்ரி. அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு சீனப் பள்ளிக்கூட வாத்தியார். எல்லாரும் அவரை மாஸ்டர் என்போம். பெரிய ஆட்டம் என்றால் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நிற்பார்கள். அவர்களுக்குள் ஒரு பிரிவினை. கோட்டைத் தாண்டுவது, இடிப்பது, தள்ளுவது எல்லாம் மாஸ்டர் பார்ப்பார். பந்தைத் தட்டுவதில் நடக்கிற தப்பு மாமாவுடையது.

அந்தத் தப்பை மாமா எனக்கு விளக்கிய விதம் இன்னும் மறக்கவில்லை.

“பந்து தரையில துள்ளுற வரைக்கும் முழிச்சிருக்குடா. ரெண்டு கையால பிடிச்சிட்டியா, இல்ல உள்ளங்கையில ஏந்திட்டியா, தூங்கிடுச்சு. தூங்கினத நீயே மறுபடி எழுப்பக்கூடாது. இன்னொருத்தனுக்குக் குடு, இல்ல கூடையில போடு.”

“எதிராளி தட்டிவிட்டா, மாமா?”

“அது வேற. அவன் எழுப்பிட்டான். அப்புறம் நீ தட்டலாம்.”

யாராவது தூங்கிய பந்தை எழுப்பினால் மாமா விசிலை ஊதி, ஒரு கையை விரித்து உயரத் தூக்கி ஆட்டத்தை நிறுத்துவார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் தரையைப் பார்த்தபடி நீட்டி, மாற்றி மாற்றிக் காற்றைத் தட்டுவார். எல்லா நாட்டு நடுவரும் காட்டுகிற சைகைதான் அது. போன மாதம் கிள்ளானில் என் பேத்தி ஆடிய பள்ளிக்கூட ஆட்டத்தில்கூட ஒரு சின்னப் பெண் அதையே செய்தாள். ஆனால் மாமா செய்யும்போது அவர் கை மெதுவாக இறங்கும். கண்ணுக்குத் தெரியாத எதையோ தொட்டிலில் தட்டித் தூங்கவைப்பது போல இருக்கும்.

கண் மங்க ஆரம்பித்ததும் அம்மா சொன்னார்: “அந்த விசிலயாவது விட்டுத் தொலையேன், தம்பி.”

“விட்டா ஏன் விட்டேன்னு கேப்பாங்கக்கா. என்ன பதில் சொல்ல?”

மாமா விசிலை விடவில்லை. அதற்குப் பதிலாக என்னைப் பிடித்துக்கொண்டார்.

மத்தியான வேளை. காலை ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிட்டதும், மாமா முன்னறையில் சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுப்பார். ஈரத்துண்டைக் கண்மேல் போட்டுக்கொள்வார். நான் பந்தைத் தட்ட வேண்டும். அவர் சத்தத்தை மட்டும் கேட்டுச் சொல்வார்.

“வலது கை. வலது. இப்ப இடது. கைய பந்துக்கு அடியில குடுத்துட்ட, பாரு, ஒரு இழை லேட்டா விழுது. இப்ப ரெண்டு கை. தூங்கிடுச்சு.”

நான் வேண்டுமென்றே மறுபடி ஒரு தட்டுத் தட்டுவேன். மார்பின்மேல் கிடந்த இரண்டு கையும் தானாக எழும்பி, காற்றைத் தட்டும். முகத்தில் துண்டு இருக்கும். வாய் மூடியிருக்கும். கைகள் மட்டும் எழும்பும். எனக்கு முதலில் விளையாட்டாக இருந்தது. ஒரு வாரத்தில் முதுகு சில்லிட ஆரம்பித்தது. நான் சத்தமில்லாமல் நுனிக்காலில் அறையின் வேறு மூலைக்குப் போனால், துண்டு மூடிய முகம் என் பக்கம் திரும்பும்.

ஒருநாள் கை வலித்துப் பந்தை அரிசிச் சாக்கின் மேல் வைத்துவிட்டேன். வெளியே சில்வண்டுகூடக் கத்தவில்லை. மாமாவின் கைகள் தட்டுவதை நிறுத்தவில்லை.

“மாமா, நான் நிறுத்திட்டேன்.”

“நீ நிறுத்திட்ட. அந்த இன்னொருத்தன் யாரு?”

“யாரும் இல்ல மாமா.”

“இருக்கான். உனக்குப் பின்னால தட்டறான். அவன் நிறுத்தல.”

திரும்பிப் பார்த்தேன். சேற்றுக்கோடு போட்ட சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் பூட்டிய வீடு. காதை வைத்துக் கேட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஏதோ ஒன்று ஓய்ந்த மாதிரி இருந்தது. அது நிஜமாகத் தட்டிய சத்தமா, என் நெஞ்சு அடித்துக்கொண்டதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. காலி அறை சத்தத்தை வாங்கித் திருப்பித் தந்திருக்கும் என்றார் பின்னாளில் ஒரு மேஸ்திரி. இருக்கலாம். ஆனால் நான் நிறுத்தி எவ்வளவோ நேரம் ஆகியிருந்தது.

அன்று பயந்து ஓடிய நான் ஒன்றை மனசில் முடிச்சுப் போட்டுக்கொண்டேன். மாமா பார்த்துச் சொல்வதில்லை, கேட்டுச் சொல்கிறார். ஏன் என்று யோசிக்கவில்லை. அதை ஒரு வித்தை என்று நினைத்தேன். மற்ற மாமாக்களுக்கு இல்லாத வித்தை.

திடலில் கூட அப்படித்தான் பேச்சு. மாமா வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். விசில் சரியான நேரத்தில் ஊதும். அவர் முதுகுக்குப் பின்னால் ஒருத்தன் வேண்டுமென்றே உள்ளங்கையில் பந்தை ஏந்தித் தட்டிப் பார்த்தான். விசில்.

“உங்க மாமாவுக்கு முதுகுல கண்ணு லா,” என்றான் ஒருத்தன்.

“கண்ணு இல்லடா. வெள்ளத்துல பக்கத்து வீட்டுல எதுவோ ஒதுங்கியிருக்கு. அதுதான் இவருக்குச் சொல்லிக் குடுக்குது.”

சொன்னவன் சிரித்தான். மறுநாள் கம்பத்தின் அடியில் யாரோ வெட்டிய எலுமிச்சம்பழத்தைக் குங்குமம் தடவி வைத்திருந்தார்கள். மாமா அதை மிதித்துவிட்டு, அது என்னவென்று தெரியாமலே போனார். பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அம்மா பயந்துபோய் ஒரு வெள்ளிக்கிழமை மாமாவைப் பத்துமலைக்கு அழைத்துப்போனார். நானும் போனேன். படி ஏறும்போது மாமா என் தோளில் கை வைத்துக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. மேலே குகைக்குள் பாறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அம்மா கும்பிட்டார். மாமா கும்பிடவில்லை. ஒவ்வொரு சொட்டுக்கும் தலையைத் திருப்பித் திருப்பி, எண்ணிக்கொண்டிருந்தார்.

கிள்ளான் அணியோடு ஆட்டம் வைத்தது அதற்கடுத்த மாதம். கிள்ளானிலிருந்து லோரியில் வந்தார்கள். துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள், நன்றாக வளர்ந்த பையன்கள். எங்கள் யார்டு ஃபோர்மேனுக்கு ஓரத்தில் நாற்காலி போட்டு, ஆரஞ்சு கலர் பாட்டில் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அம்மா அன்று காலையிலிருந்து சாப்பிடவில்லை. ஃபோர்மேன் வருகிறார் என்பதற்காகத்தான் என்று எனக்குத் தெரியாது. வயிற்றுவலி என்று சொன்னதை நம்பினேன்.

சாயங்காலம் ஐந்தரை இருக்கும். மழை கட்டிக்கொண்டு நின்றது. திடல் முழுக்கச் சாம்பல் நிறம். என்னிடம் உபரிப் பந்தைக் கொடுத்து, கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் நான் தட்டுகிற அதே பந்து. மாமா எனக்கு நாலடி முன்னால், எனக்கு முதுகைக் காட்டி நின்றார்.

கடைசி நிமிஷம். எங்கள் அணி ஒரு பாயிண்டு பின்னால். பந்து கிள்ளான் பையன் ஒருவனிடம் இருந்தது. நீளமான கழுத்து, மணிக்கட்டில் நீலக் கைக்குட்டை. தட்டிக்கொண்டே வந்தவனை எங்கள் ஆட்கள் இரண்டு பேர் மறித்தார்கள். நின்றான். இரண்டு கையாலும் பந்தைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினான். யாருக்குக் கொடுக்கலாம் என்று தேடினான்.

பந்து தூங்கிவிட்டது. இனி ஒரே ஒரு சத்தம் போதும்.

நான் யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். என் கை யோசித்தது. என்னிடம் இருந்த பந்தை இரண்டு தட்டுத் தட்டினேன். மெதுவாகத்தான். பார்க்கிறவர்கள் எல்லாரும் கத்திக்கொண்டிருந்தார்கள். யாருக்கும் காதில் விழுந்திருக்காது.

மாமாவின் விசில் ஊதியது.

ஒரு கை உயர்ந்தது. பிறகு இரண்டு கைகளும் நீண்டு, காற்றை மெதுவாகத் தட்ட ஆரம்பித்தன. கத்தல் ஒவ்வொருவராக ஓய்ந்தது. ஏனென்றால் அந்தப் பையன் இன்னும் பந்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் நின்றான். மொத்தத் திடலும் அதைப் பார்த்தது. மாமா மட்டும் காற்றைத் தட்டிக்கொண்டே நடந்தார். ஒரு சத்தமும் இல்லாத இடத்தில் அந்தக் கைகள் மட்டும் ஏறி இறங்கின.

“அண்ணே, நான் தட்டவே இல்லண்ணே. பந்து கையிலதான் இருக்கு, பாருங்க.”

பையன் பந்தை மாமாவின் முகத்துக்கு நேரே நீட்டினான். மாமா அவன் காதுக்குப் பக்கத்தில் எங்கேயோ பார்த்தார். பையன் பந்தை மெல்ல இடது பக்கம் நகர்த்தினான். பிறகு வலது பக்கம். மாமாவின் கண் நகரவில்லை.

நாற்காலி கிரீச்சிட்டது. ஃபோர்மேன் எழுந்துவிட்டார்.

“என்னய்யா, அவன் பந்தைக் கையில வெச்சிருக்கான். நீ பாக்கலயா?”

அந்தப் பையன் மாமாவின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தான். என் கையில் இருந்த பந்தைப் பார்த்தான். மறுபடி மாமாவின் கண்ணைப் பார்த்தான். எழுந்து நின்ற ஃபோர்மேனை, அவர் சட்டையில் இருந்த ரயில்வே பட்டனைப் பார்த்தான். மூச்சு விடுகிற நேரம்தான் இருக்கும். அவன் முகம் ஒரு பெரிய மனுஷனுடைய முகம் மாதிரி ஆயிற்று.

பந்தைக் கீழே வைத்தான்.

“சாரிண்ணே,” என்றான் உரக்க. “பிடிச்சிட்டு மறுபடி தட்டிட்டேன். ரெஃப்ரி சொன்னது சரிதான்.”

திடலின் அந்தப் பக்கத்திலிருந்து மாஸ்டர் ஓடி வந்தார். ஆடியவனே ஒத்துக்கொண்ட பிறகு அவர் என்ன சொல்வார்? பந்தை எங்கள் அணிக்குக் கொடுத்தார். ஃபோர்மேன், “அப்ப சரி,” என்று மறுபடி உட்கார்ந்தார். எங்கள் ஆள் ஓரத்திலிருந்து பந்தை எறிந்தான், இன்னொருவன் கூடையில் போட்டான், ஜெயித்துவிட்டோம். நான் எகிறிக் குதித்தேன். அந்த வெற்றி என்னுடையது என்று எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்தேன்.

கிள்ளான்காரர்கள் லோரியில் ஏறும்போது அவனைப் பிடித்துக்கொண்டார்கள்.

“பந்து உன் கையிலதானே இருந்துச்சு! என்னா மயக்கம் உனக்கு?”

“ஜெயிக்க வேண்டிய ஆட்டம். தூக்கிக் குடுத்துட்டு நிக்கறான் பாரு.”

“கிள்ளான் போற வரைக்கும் எவன்கிட்டயும் பேசாத. எறங்கு, பின்னால போய் உக்காரு.”

அவன் லோரியின் பின்கதவு ஓரத்தில், கால்களை மடக்கி, தனியாக உட்கார்ந்தான். மழை பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் தார்ப்பாய்க்குள் நகர்ந்தார்கள். அவனுக்கு யாரும் இடம் விடவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது மாமா என் தோளில் கை வைத்தார்.

“பந்து எங்கடா?”

“என்கிட்டதான் இருக்கு மாமா.”

“தட்டாத. சும்மா வெச்சுக்க.”

அவ்வளவுதான் சொன்னார். கை மட்டும் தோளை விட்டு எடுக்கவில்லை.

அன்று விளக்கு வைத்த நேரத்தில் மாமா அம்மாவிடம், திங்கட்கிழமை ஃபோர்மேனிடம் தன் கண்ணைப் பற்றிச் சொல்லப் போவதாகச் சொன்னார். அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

“ஏன்டா? அந்தப் பையன்தான் ஒத்துக்கிட்டானே. யாருக்கும் ஒண்ணும் தெரியல. நாமளா போய் ஏன் சொல்லணும்?”

“அவன் பொய் சொன்னான்கா. அவன் கையில பந்து தூங்கிக்கிட்டுதான் இருந்துச்சு. இன்னிக்குப் போனது ஒரு ஆட்டம். நாளைக்கு யார்டுல சத்தத்த நம்பிக் கொடி ஆட்டினேன்னா, பெட்டிக்கு நடுவுல ஒரு ஆளு போயிடுவான்.”

அம்மா அழுதார். பிறகு கேட்டார்: “அப்ப நீ கேட்ட சத்தம்? தட்டினது யாரு?”

நான் சுவரோரம் நின்றுகொண்டிருந்தேன். மூச்சை அடக்கிக்கொண்டேன். மாமா மெல்ல முகத்தைத் திருப்பி, நான் நின்ற இடத்தை நேராகப் பார்த்தார். பார்த்தார் என்பது தப்பு. முகத்தை அந்தப் பக்கம் வைத்தார்.

“எதிரொலிக்கா,” என்றார். “பக்கத்து வீட்டுது.”

திங்கட்கிழமை மாமா சொல்லிவிட்டார்; வேலையும் போனது, வீடும் போனது. சரக்கு லோரி ஒன்றில் பானை சட்டிகளோடு தெலுக் பங்லிமா காராங் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனோம். அம்மா புல் வெட்டுகிற வெளிக்காட்டு வேலைக்குப் போனார். என் படிப்பு நின்றது. நானும் போனேன். ஜெயித்த ஆட்டத்துக்காக ஏன் வீட்டை விட்டு அனுப்பினார்கள் என்று வெகுநாள் எனக்குக் கோபம். மாமா வேலையை விட்டது தப்பு என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். ஆமாம் என்று தலையாட்டுவார்.

அந்தத் தோட்டத்து லைன் வீட்டில் பந்து கிடையாது. சிமெண்டுத் தரையும் கிடையாது, வெறும் மண். ஆனாலும் சில மத்தியானங்களில், கண் முழுக்கப் போன பிறகு, வாசலில் உட்கார்ந்திருக்கும் மாமாவின் இரண்டு கைகளும் எழும்பிக் காற்றைத் தட்டும்.

“என்ன மாமா?”

“ஒண்ணுமில்ல. அவன் இன்னும் தட்டறான். தூங்கட்டும்.”

யார் என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தைரியம் வந்தபோது மாமா இல்லை. என் வலது கை எது, இடது கை எது என்று துண்டுக்கு அடியிலிருந்தே சொன்னவர், நாலடி தூரத்தில் நான் தட்டியது என்னுடைய தட்டு என்று தெரியாமலா விசில் ஊதினார்? கூட்டத்தின் கத்தலில் ஒரு கணம் ஏமாந்தாரா? இல்லை, என்றைக்காவது மாட்டத்தான் போகிறோம், இன்றைக்கே ஆகட்டும் என்று ஊதினாரா? பத்து வயதில் கேள்வியே தெரியவில்லை. இப்போது கேள்வி தெரிகிறது, சொல்ல ஆள் இல்லை.

அந்தக் கிள்ளான் பையன் விஷயம் அதைவிட மோசம். செய்யாத தப்பை ஒருத்தன் ஏன் ஒத்துக்கொண்டான் என்று நான் அன்று சிரித்தேன். பயந்தாங்கொள்ளி என்று நினைத்தேன். அவன் பெயர்கூட எனக்குத் தெரியாது. உயிரோடு இருந்தால் இப்போது என்னைவிட ஏழெட்டு வயது கூடுதலாக இருக்கும்.

அதனால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கிள்ளான் பக்கம் போகிறவர்கள், பழைய ஆட்டக்காரர்கள் யாராவது கோப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தால் இதைச் சொல்லுங்கள். மணிக்கட்டில் நீலக் கைக்குட்டை கட்டி ஆடியவரிடம் நேரில் சொல்ல முடிந்தால் நல்லது. அவர் இல்லை என்றால், அன்று அந்த லோரியில் தார்ப்பாய்க்குள் உட்கார்ந்து போனவர்களில் ஒருத்தர் மிச்சம் இருந்தாலும் போதும், அவரிடம் சொல்லுங்கள். உங்கள் ஆள் அன்று பந்தைத் தட்டவில்லை. தட்டியது நான்.